கெட்டிச் சாயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தலை சுற்றினாலும் வயிறு வலித்தாலும் வீட்டில் சண்டை வந்தாலும் மருந்து ஒன்றுதான்: கெட்டியான சாயத்தண்ணி. பால் விடாத தேநீரைத்தான் அப்படிச் சொல்வோம். மடுல்சீமையில் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர்களுக்கு, சாமிக்கு அடுத்தபடி அதில்தான் நம்பிக்கை.

அக்காவின் பரீட்சைக்கு முந்தின நாள் அந்த நம்பிக்கை எங்கள் காலை வாரிவிட்டது. கண்முழித்துப் படிக்கவென்று அவள் பதுளை மருந்துக்கடையில் ஒரு மாத்திரைப் புட்டி வாங்கி வைத்திருந்தாள். நல்ல படிப்பாளி, அளவு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கையில் வந்ததை எல்லாம் விழுங்கியிருக்கிறாள். விடிந்ததும் வாந்தி. கை நடுங்கியது, நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அம்மா பதறிப்போய்ச் சாயத்தண்ணி கொடுத்தாள். அது வெளியே வந்ததும் இன்னும் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தாள். பிறகு அக்காவுக்கு வலிப்பு வந்தது. நான் தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினேன். செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். புட்டியைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த கோப்பையையும் பார்த்தார்.

"என்னம்மா குடுத்தீங்க?"

"சாயத்தண்ணிதாங்க. வேற ஒன்னும் குடுக்கலிங்க."

"மாத்திரையில இருக்கிற கஃபீன் சரக்குதாம்மா இந்தச் சாயத்துலயும் இருக்கு. இனி ஒரு சொட்டு குடுக்காதீங்க."

கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புட்டியையும் எடுத்துப்போக டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். வலிப்பு அடங்க ஊசி, கையில் சேலைன், நாடியை விடாமல் பார்க்க ஒரு தாதி.

"இத முறிக்க மருந்து கிடையாது. உடம்பே கழிச்சிடணும். அதுவரைக்கும் இதயம் தாங்கணும்" என்றார் டொக்டர். சும்மா காத்திருக்கத்தான் வேண்டும் என்றதும் யார் மேல் என்று தெரியாத கோபம் எனக்கு வந்தது.

தாங்கியது. மறுநாள் பின்னேரம் எழுந்து உட்கார்ந்து, பரீட்சை போய்விட்டதே என்று அழுதாள். அழுவதற்கு ஆள் இருக்கிறாளே என்று நான் சிரித்தேன்.

வீட்டுக்குப் போயிருந்த அம்மா அப்போதுதான் ஃபிளாஸ்கோடு வந்தாள். தேநீர் இல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அவளுக்கும் கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அது சீனி கிடைக்காத காலம். உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் சாயம் குடிப்போம். மகளுக்கென்று ஒளித்துவைத்திருந்த சீனி முழுவதையும் அவள் அதில் போட்டிருந்தாள்.

மூடியைத் திறந்த பிறகுதான் டிஸ்பென்சர் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். வெளியே போய், அத்தனையையும் சாக்கடைக் கானில் ஊற்றினாள். ஃபிளாஸ்கை நாலைந்து தடவை கழுவினாள். பிறகு குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து, தான் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அக்காவுக்குக் கொடுத்தாள்.