ஒரே தட்டில் மூன்று பிரதி

செல்வரத்தினம் முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகமொன்றின் பதிவேட்டு அறையைக் கட்டி ஆண்டார். ஓய்வு பெற்ற பிறகு ஆள்வதற்கு வேறு எதுவும் கிடைக்காததால், ஒரு கணினியை வாங்கினார். மாத்தளையில் யார் செத்தாலும் போவார். முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரைப் பத்திரமாகக் கொண்டு வந்து, சாவு வீட்டார் விட்ட எழுத்துப் பிழைகளைத் திருத்துவார்.

"எல்லாச் செத்தவனும் 'அன்பானவர், பண்பானவர்'தான். அப்ப இந்த ஊருல சண்ட போட்டது யாரு?" என்பார். தன்னுடைய வாழ்க்கை வரலாற்றை வேறொருவன் எழுதுவதை அவரால் சகிக்க முடியவில்லை. தானே எழுதத் தொடங்கினார். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் இருந்த வீட்டின் முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு வருடம்.

கதவுக்கு வெளியே அவருடைய மனைவி பாலேஸ்வரி தேத்தண்ணீரோடு நிற்பார். கணித ஆசிரியையாக இருந்தவர். எதையும் கேட்டுவிடக் கூடியவர். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? கேட்டால் கோப்பு முடியட்டும் என்பார். கோப்பு முடியுமுன் ஆள் முடிந்துவிட்டார். அதையே அவருடைய நினைவு மலராக அச்சகத்தில் கொடுக்கும்போது வாசிக்கலாம் என்று பாலேஸ்வரி இருபத்தைந்து நாள் பொறுத்தார். இருபத்தாறாம் நாள் கணினியும் எசமானைப் பின்பற்றியது. கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளை வரி. பெட்டிக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம்.

கண்டி வங்கியொன்றில் அதிகாரியாக இருக்கும் மகன் சஜீவன் லீவில் நின்றான்.

"அம்மா, நீங்க தொடாதீங்க. பழுதாக்கிருவீங்க."

சொல்லிவிட்டு அவன் பதினொரு தடவை போட்டு நிறுத்தினான். இடையில் பெட்டியின் விலாவில் இரண்டு தட்டும் தட்டினான். பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை. டிக் டிக் இப்போது கரகரவென்று ஆனது.

அச்சகத்தார் வெள்ளி மத்தியானத்துக்குள் எழுத்தைக் கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பாலேஸ்வரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சஜீவனோடு ஆட்டோவில் மாத்தளைக்குப் போனார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் ரிஸ்வி பெட்டியைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"டீச்சர், இத எத்தின தடவ போட்டுப் போட்டு நிப்பாட்டின?"

"நான் இல்ல தம்பி. இந்தா நிக்கிறாரே, பேங்க் ஒபிசர். பதினொரு தடவ."

"ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகும்னு…" சஜீவன் இழுத்தான்.

"மூச்சு முட்டுற மனுசன மாடிப்படி ஏத்தி ஏத்தி எறக்கின மாதிரி ஈக்கி சேர். ஹார்ட் டிஸ்க் மவுத்தாகப் போகுது. உள்ளுக்குத் தட்டு சுத்தும், அத ஒரு ஊசி வாசிக்கும். அந்த ஊசி இப்ப தடுமாறுது. ஒவ்வொரு தடவ போடக்குள்ளயும் இன்னும் கொஞ்சம் போகும். வேற எங்கயாச்சும் கொப்பி ஈக்கா?"

பாலேஸ்வரி நிமிர்ந்தார். "மூணு கொப்பி வச்சிருக்காரு. சீ டிரைவ்ல ஒண்ணு, டீ டிரைவ்ல ஒண்ணு, ஈ டிரைவ்ல ஒண்ணு."

ரிஸ்வி தலையைச் சொறிந்தார். "டீச்சர், மூணும் ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்டுல மூணு அறை. இப்ப பத்துறது வீடு."

பதிவேட்டு அறையிலும் செல்வரத்தினம் அப்படித்தான். வெள்ளையில் ஒன்று, ரோசாவில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. மூன்றையும் ஒரே நூலால் கட்டி ஒரே தட்டில் வைப்பார். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கிடைத்தது.

ரிஸ்வி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் கொழுவி, வாசிக்க முடிந்ததையெல்லாம் பிரதி எடுக்க விட்டார். இரண்டு நாள் ஓடியது. வியாழன் பின்னேரம் அழைத்தார். "டீச்சர், பைல் கெடச்சிட்டு. ஆனா உள்ளுக்கு ஒரே குப்ப."

போய்ப் பார்த்தார்கள். திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்.

"கரப்ட் ஆயிருச்சும்மா," என்றான் சஜீவன், வைத்தியர் கைவிரிக்கும் குரலில்.

பாலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பாமினி எழுத்துருவப் போட்டீங்களா தம்பி?"

ரிஸ்வி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். எழுத்துருவைப் போட்டதும் குப்பை தமிழானது.

நான்கு பக்கம். பிறப்பு, படிப்பு, சோதனைப் புள்ளிகள், மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் முதல் நியமனம், எடுக்காமல் விட்ட விடுமுறைகளின் பட்டியல். பாலேஸ்வரி விரலை வைத்து வாசித்தார். நான்காம் பக்கத்தின் அடியில் '1986 ஆம் ஆண்டு தை மாதம் அன்னார்' என்று இருந்தது. அதற்குப் பிறகு வெறும் கட்டம் கட்டமாக ஓடியது.

தை மாதம் இருபத்து மூன்றாம் திகதி அவர்களுடைய கல்யாணம்.

"மத்தது வரல்ல டீச்சர். கொழும்புக்கு அனுப்பினா டிஸ்க்கப் பிரிச்சுப் பாப்பாங்க. ரெண்டு கெழம எடுக்கும். அப்பவும் வரும்னு சொல்ல ஏலா."

"நாளைக்குக் குடுக்கணுமேம்மா," என்றான் சஜீவன். "இதோட நிப்பாட்டி, அன்பானவர், பண்பானவர்னு ரெண்டு வரி சேத்துருவோம்."

"யாரு, உங்க அப்பாவா?"

பாலேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நான் சொல்றேன். நீங்க அடிங்க. எங்க நிக்குது? 'தை மாதம் அன்னார்'… 'பாலேஸ்வரியைக் கரம் பிடித்தார். பிடித்த கை நன்றாக வியர்த்திருந்தது.'"

"அம்மா! இதெல்லாம் புத்தகத்துல போடலாமா?"

"ஏன், மறுப்பு அறிக்கை விடுவாரா?"

ரிஸ்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினார். பாலேஸ்வரி சொல்லிக்கொண்டே போனார். அன்னார் தேனிலவுக்குக் கோப்பு ஒன்றைக் கொண்டு வந்தார். அன்னார் கோபம் வந்தால் பேசாமல் குடை துடைப்பார். அன்னாருக்குக் கணக்கு வராது. தன் மேல்தான் தவறென்று இரண்டு முறை ஒப்புக்கொண்டிருக்கிறார், திகதிகள் கைவசம் உள்ளன. சஜீவனும் இடையில் சிரித்தான்.

பாலேஸ்வரிக்கு அழுகை வந்தது, வரக் காரணமே இல்லாத ஒரு வரியில்: "அன்னார் மின்சாரக் கட்டணச் சிட்டைகளை மாத வரிசையில் கோத்து வைத்தார்." கண்ணாடியைக் கழற்றினார்.

ரிஸ்வி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாலேஸ்வரி அடுத்த வரியைச் சொல்லும்வரை காத்திருந்தார்.