கோவளம் பார்க்காத மன்னி

வேனுக்குள் சாப்பாட்டுக் கூடையை நீட்டும் மன்னியின் கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அவள் என் அண்ணாவின் மனைவி. கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தவள், கரமனையிலேயே கண்ணை மூடினாள். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் உறவுக்காரர்கள் ஊர் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள். காலையில் பத்மநாபசுவாமி, பிறகு குதிரைமாளிகை, மிருகக்காட்சிசாலை, சாயங்காலம் கோவளம். விருந்தாளிகள் தங்கியிருக்கும் வீட்டைப் பூட்டக் கூடாது, அவர்கள் திரும்பும்போது அடுப்பில் சூடாக ஏதாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் பேசுகிறவர்கள் எல்லோரும் வேனில் ஏறிவிடுவார்கள். மன்னி புளியோதரையைக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.

அவளுக்கு ஆசை இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. "அந்த லைட்ஹவுஸ் மேல ஏறினா கடல் எத்தனை தூரம் தெரியும்?" என்று வந்தவர்களைக் கேட்பாள். அவர்கள் தங்கள் முழங்கால் வலியைச் சொல்வார்கள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் கூப்பிட்டால், "உங்கண்ணா ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்பாள். அண்ணாவோடு எத்தனையோ முறை சண்டை போட்டேன். "இங்கயே இருக்கறவளுக்கு என்ன அவசரம்? கோவளம் எங்க ஓடிப் போறது?" என்பார். கோவளம் அங்கேயேதான் இருக்கிறது. மன்னிதான் போய்விட்டாள்.

மன்னி போன பதின்மூன்றாம் நாள், சுபச் சாப்பாடு முடிந்து, இலை எடுத்த தரைகூடக் காயவில்லை. தஞ்சாவூர் சித்தப்பா ஏப்பம் விட்டபடி ஆரம்பித்தார். "கோயிலுக்குத்தான் போகப்படாது. கோவளத்துக்கு என்ன? வந்தது வந்தோம்." கொஞ்ச நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது.

அண்ணா முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு தன் மருமகளைக் கூப்பிட்டார். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற பெண், காரியத்துக்காக லீவு போட்டிருந்தாள். "நீ ஆத்துல இரும்மா. ராத்திரி எல்லாருக்கும் தோசை வார்த்துடு."

"சாரமில்லைப்பா, பரவாயில்லை, நான் இருந்துக்கறேன்" என்று அவள் உள்ளே திரும்பினாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் கதவைத் திறந்தேன். "அண்ணா, இறங்கு."

"என்னடி இது, எல்லார் முன்னாலயும்?"

"ஆத்தைப் பூட்டப்படாதோல்லியோ? நீ இரு. மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு. நாங்க வரச்சே தோசை சூடா இருக்கணும்."

அண்ணா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.