தொட்டி எங்கே என்று கேட்காமல் போட்ட கணக்கு

பக்கத்து வீட்டு அக்கா குளியலறை வாசலில் வாளியோடு நின்றபடி, “மோளே, வெள்ளம் எப்ப எறங்கும்னு போன்ல பாரு” என்று கேட்ட நிமிடத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

மலையாளக் கரையோரக் கொச்சங்காடியில், எங்கள் சந்தில் வேலியேற்றம் என்றால், அதாவது கடல் ஏறும் நேரமென்றால், கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காது. மேலே வரும். மண்ணுக்குள் உப்புநீர் ஏறி மலத்தொட்டிகள் நிரம்பிவிடும். விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, பிறந்துவிட்டால் தினமும் இதே கதைதான். வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம், கழிப்பறைக்குப் போகுமுன் நான் போனில் அலைநேரம் பார்த்ததைச் சொல்லிச் சொல்லித் தோழிகள் சிரித்தார்கள்.

அடக்கிக்கொள்ள முடிகிறவர்களுக்கு அது வெறும் பழக்கம். அக்காவின் கணவருக்கு அந்த வருடம் பக்கவாதம் வந்திருந்தது. அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். உள்ளறைக் கட்டிலிலிருந்து, “எறங்கிருச்சா?” என்று குழறலாகக் கேட்டார். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் அழும் சத்தம் கேட்டது.

நான் சிவில் எஞ்சினியரிங் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். கழிவுநீரைச் சந்திலிருந்து வெளியே கொண்டுபோக எனக்குத் தெரிந்து மூன்று வழிகள். பெரிய குழாயைச் சரிவாக, ஆழமாகப் புதைக்கலாம். ஆனால் இங்கே இரண்டடி தோண்டினாலே தண்ணீர். அல்லது வீட்டுத் தொட்டிகளை ஊறாதபடி உள்ளே பூசிவிட்டு, மேலே தெளியும் நீரை மட்டும் மெல்லிய குழாயில் எடுக்கலாம். அடியில் தங்குவதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சும். இல்லையென்றால் சில வீடுகளுக்கு ஒரு மோட்டார் குழி வைத்து எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளலாம்.

மூன்றுக்கும் முப்பது வருடச் செலவைப் போட்டேன். குழாய் போடும் செலவை எல்லோரும் பார்க்கிறார்கள். கரண்ட், பழுது, மாற்று மோட்டார், லாரி இவற்றை யார் பார்க்கிறார்கள்? பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாகவே நினைத்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம்தான்.

வீடுவீடாகப் போனேன். “உங்க வீட்டுல தொட்டி இருக்கா?” எல்லோரும் இருக்கிறது என்றார்கள். நான் டிக் அடித்தேன். சுக்கு வியாபாரியான சந்து சங்கச் செயலாளர் என்னைக் கண்டதும், “வாங்க, கக்கூஸ் எஞ்சினியர்!” என்று கும்பிட்டார். “முப்பது கொல்லத்துக்கு, முப்பது வருஷத்துக்குக் கணக்கா? எனக்கு அடுத்த மழைக்கே கணக்கு தெரியாதே!”

சங்கக் கூட்டத்தில் அட்டவணையைக் காட்டினேன். இரண்டாவது வழிதான் மலிவு, கோடு போட்டமாதிரி தெளிவாக. முதலில் கை தூக்கியது அக்கா. “அடுத்த விருச்சிகத்துக்குள்ள முடிஞ்சிருமா மோளே?” என்று மட்டும் கேட்டாள். முடிந்துவிடும் என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் ஒலிக்கிறது.

அலைந்து திரிந்து ஒரு அரசுத் திட்டத்தில் எங்கள் சந்தைச் சேர்த்தோம். வேலைக்காரர்கள் வந்தார்கள். முதல் வீடு அக்காவுடையது. “தொட்டி மூடி எங்க?” என்று மேஸ்திரி கேட்டார். அக்கா உள்ளறையைக் காட்டினாள். கணவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில், டைல்ஸுக்குக் கீழே.

மகள் கல்யாணத்தின்போது கொல்லைப்புறத்தை அடைத்து அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். அனுமதி வாங்கவில்லை, அதனால் வெளியில் வாயைத் திறக்கவில்லை. “தொட்டி இருக்கான்னுதானே கேட்டே? எடத்தைக் கேட்டிருந்தா உன்கிட்ட மறைப்பேனா?” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அடுத்த வீட்டில் சாமி அலமாரிக்கு அடியில். செயலாளர் வீட்டில் பீரோவுக்கு அடியில். அன்று சாயங்காலம்தான் என் அம்மாவிடம் நம் வீட்டுத் தொட்டி எங்கே என்று கேட்டேன். அம்மா குதிகாலால் சமையலறைத் தரையைத் தட்டிக் காட்டினாள். இருபத்துமூன்று வருடம் அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் தரையை உடைக்க வேண்டும், திரும்பப் போட வேண்டும். லாரி வரும்போதெல்லாம் மறுபடி உடைக்க வேண்டும். என் முப்பது வருடத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மலிவு என்று நான் சொன்னது மலிவே அல்ல. வேலை நின்றுபோனது.

விருச்சிகம் வந்தது. அக்கா காத்திருக்கவில்லை. பள்ளுருத்தியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கணவரோடு கிடங்கில் வேலை பார்த்த இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். “மாடியில எந்தக் கடல் ஏறுதுன்னு பாக்கறேன்” என்று அக்கா சிரித்தாள். அவர் மட்டும், “எப்ப திரும்பி வர்றது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். செயலாளர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

போன வாரம் பள்ளுருத்திக்குப் போய்ப் பார்த்தேன். கழிப்பறைக்குக் குறையில்லை. ஆனால் படி இறங்க முடியாததால், வந்த நாளிலிருந்து அக்காவின் கணவர் தெருவைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் சுவர். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்தார், விட வெகுநேரமாயிற்று.

மூன்றாவது வழியை மறுபடி எடுத்திருக்கிறேன். மோட்டார் குழிக்குத் தொட்டி தேவையில்லை. தரையை உடைக்க வேண்டாம். கரண்ட் செலவு கூடும், யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். சந்து முழுவதற்கும் வேண்டாம், அக்கா வீடு, எங்கள் வீடு, செயலாளர் வீடு, மூன்றுக்கும் ஒரே குழி. செயலாளர் வாசலில்தான் இடம் இருக்கிறது. “என் வாசல்லயா?” என்று கத்தினார்; முடியாது என்று இன்னும் சொல்லவில்லை.

அக்கா சாவியைக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டிய வீட்டைத் திறந்து, குளியலறையிலிருந்து பக்கச் சுவரோரமாகச் சந்து வரைக்கும் அளவு நாடா பிடிக்கப் போகிறேன். குழாய்க்கு வேண்டிய சரிவு அங்கே கிடைக்குமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.