மயில்நீலத்தில் ஒன்பது சட்டை

துணிக்கடை விற்பனைக்காரன் தன் சரக்கையே பழித்துப் பேசினால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவனுக்கு வேறு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு, அவன் பயந்துபோயிருக்கிறான். எனக்கு வேறு கடையில் வேலை கிடைக்கவில்லை.

பழவங்காடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வெட்டுத்துணி கவுண்டரில் நிற்கிறவன் நான். ஓணம் நெருங்கினால் என் கவுண்டர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். கொண்டாட்டத்தன்று யூனிபார்ம் கிடையாது. ஒவ்வொரு வகுப்பும் ஒரே நிறத்தில் வரும். பையன்களுக்கு வெள்ளை வேட்டியும் வகுப்பு நிறத்தில் சட்டையும். பெண்களுக்குக் கரை போட்ட செட்டுமுண்டுப் புடவையும் அதே நிறத்தில் பிளவுஸும். எந்த நிறம் என்பது அன்று காலை வரை ரகசியம். பக்கத்து டிவிஷனுக்குத் தெரிந்துவிட்டால் வகுப்புக்கே மானம் போனது போல.

பள்ளி விட்டதற்கும் டியூஷனுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வருவார்கள். எட்டுப் பேர் வந்தால் ஒருத்தர் கையில் பணம் இருக்கும், மற்ற ஏழு பேர் கையில் அபிப்பிராயம் இருக்கும். துணியைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள். ட்யூப்லைட்டில் ஒரு போட்டோ, வாசல் வெயிலில் ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு வோட்டெடுப்பு நடத்துவார்கள். முடிவு வரும்வரை எதிர்ச்சாரி சோடாக்கடையில் நின்று, அங்கே இல்லாத தங்கள் வாத்தியார்களைப் போல நடித்துக் காட்டுவார்கள். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்களில்கூட இத்தனை சண்டையும் இத்தனை ஒற்றுமையும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் அவர்களைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. கஸ்டமர் இருந்தாலும் அதுதான்.

1. மூச்சு விடப்டாது

எங்கள் வலியசாலைத் தெருப் பெண் காயத்ரி, பத்து ஏ-யின் லீடர். மயில்நீலத்தில் ரோலைப் பிரித்ததும் வேறெதையும் பார்க்கவில்லை. வகுப்புக்கே வெட்டி வாங்கிக்கொண்டாள்.

"மாமா, யார்ட்டயும் மூச்சு விடப்டாது. முக்கியமா பி டிவிஷன்காராள்ட்ட."

"உங்க மாமிட்டகூடச் சொல்ல மாட்டேன், போ."

"மாமிட்ட நீங்க எதையும் சொல்றதில்லேன்னு மாமியே சொன்னா. அதனாலதான் இங்க வந்தேன்."

2. சாயம் போகும்

இரண்டு நாள் கழித்து அதே பள்ளி யூனிபார்மில் இன்னொரு கூட்டம். முன்னால் நின்ற நெட்டைப் பையன் பெயர் ஜிதின். பத்து பி என்றான். நான் எடுத்துப் போட்ட ஷேடு எதையும் அவன் தொடவில்லை. விரல் நேராக ரேக்குக்குப் போனது.

"அங்கிளே, அந்த நீலம் எடுத்துத் தா."

ஏசி ஓடுகிற கடையில் எனக்கு முதுகு நனைந்தது. இரண்டு வகுப்பும் ஒரே நிறத்தில் வந்தால் காயத்ரி நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பாள்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மூளை வேலை செய்யவில்லை. வாய் செய்தது.

"அது வேண்டாம் மோனே. சாயம் போகும்."

"போகுமோ?"

"ஒரே நனைப்பில் வேட்டியெல்லாம் நீலமாயிடும். சுருங்கவும் செய்யும். உங்க முகத்துக்கும் எடுபடாது."

"அங்கிளே, முப்பத்தெட்டு முகத்துக்குமோ?"

கூட வந்த பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து துணியின் மூலையை நனைத்தாள். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துக் காட்டினாள். கைக்குட்டை அப்படியே வெள்ளையாக இருந்தது.

"போகலையே அங்கிளே."

"இப்ப போகாது. அப்புறம் போகும்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நாகர்கோவில்காரரான எங்கள் முதலாளி. "வே, நீரு சம்பளம் வாங்குதது என் கடையிலயா, எதிர்க்கடையிலயா?"

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்ப்பது போல ஜிதின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வாங்கடா, ஒரு சோடா குடிச்சிட்டு வரலாம்" என்று கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது நல்ல பிள்ளையாக இருந்தான். "அங்கிள் பறஞ்சதுதான் சரி. கிளாசுக்கு மெரூன் மதி, அது போதும்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"பின்னே, அந்த நீலத்திலே ஒன்பது சட்டைக்கு வெட்டித் தரணும். வலிய ஆளுங்களுக்கு, பிள்ளைங்களுக்கல்ல. ஒராளுக்கு நல்ல வயிறுண்டு, துணி கூடுதல் வேணும்."

எதற்கென்று கேட்டிருக்க வேண்டும். தப்பித்த சந்தோஷத்தில் மாமன்மாருக்காக இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டு, வயிற்றுக்காரருக்குத் தாராளமாகவே அளந்து வெட்டினேன்.

3. ஓணக்கோடி

கொண்டாட்டத்தன்று காலை காயத்ரியிடமிருந்து போன். ஒரு பிளவுஸ் பிட் குறைகிறதாம், தைக்க நேரமில்லை, தோளில் போட்டாவது சமாளிக்கலாம், உடனே வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் மயில்நீலச் சட்டையில் நின்றிருந்தார்.

"புதுசா?"

"பத்து பி பிள்ளைங்க தந்த ஓணக்கோடியாணு சாரே." காலரைத் தடவிக்கொண்டார்.

உள்ளே பஸ் டிரைவர்கள் மயில்நீலத்தில். அட்டெண்டர், தோட்டக்காரர், மயில்நீலத்தில். சமையற்கட்டிலிருந்து ஒரு பெரிய வயிறு வெளியே வந்தது, அதுவும் மயில்நீலம். நான் தாராளமாக வெட்டியது அளவாக உட்கார்ந்திருந்தது.

ஆட்டோவுக்குப் பின்னால் ஒளியலாம் என்று திரும்பினேன். ஆட்டோ போய்விட்டிருந்தது.

பத்து ஏ மொத்தமும் ரகசிய நிறத்தில் வரிசையாக வந்தது. வராந்தாவில் மெரூன் கூட்டம் கூவியது. "ஏ டிவிஷனே, பஸ் எப்போழா எடுக்கறது?"

காயத்ரி நேராக என்னிடம் வந்தாள். "மாமா, சொல்லிட்டேளா?"

"சத்தியமா சொல்லலை. சாயம் போகும்னு மட்டும்தான் சொன்னேன்."

"விக்கிறவரே அப்படிச் சொன்னா காரணம் தெரியாதா? சொல்லிட்டேளே மாமா!" கண் நிறைந்துவிட்டது.

சிரிப்பு எதற்கென்று வாட்ச்மேனுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் பட்டனில் கை வைத்தார். "மோளே, நான் மாத்திட்டு வரட்டா?"

அவள் அவரைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். சமையற்காரரின் தோள்களையும் பார்த்தாள். "வேண்டாம் அண்ணா, போட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, விசிலோடு நின்ற பி.டி. சாரிடம் போனாள். அடுத்தது வடம்வலி, கயிறு இழுக்கும் போட்டி. வெளியாட்கள் சேரக்கூடாது என்று அவரே ஒரு விதி போட்டிருந்தார்: வகுப்பு நிறம் போட்டவர்கள்தான் வடத்தைத் தொடலாம்.

"அப்படித்தானே சார்?"

"அதே."

"அப்போ இவங்க ஒன்பது பேரும் பத்து ஏ."

"சாரே, இது கள்ளக்களி!" கள்ள ஆட்டம் என்று ஜிதின் பாய்ந்து வந்தான்.

"சட்டை வாங்கிக் கொடுத்தது நீதானேடா?" என்றார் சார். விசிலை ஊதியேவிட்டார்.

வடத்தின் கடைசியில் சமையற்காரர் கயிற்றை வயிற்றில் சுற்றிக்கொண்டு சாய்ந்தார். அந்த வயிற்றை யாராலும் நகர்த்த முடியவில்லை. காயத்ரி நான் கொண்டுபோன பிட்டை என் தலையில் கட்டி, "மாமா, பிடிங்கோ, இல்லேன்னா மாமிட்ட சொல்லிடுவேன்" என்றாள். பிடித்தேன். எனக்கு முதுகுவலி உண்டு என்பதை வடத்திடம் சொல்ல முடியவில்லை. இரண்டாம் இழுப்பில் மழை வந்தது. மெரூன் கூட்டம் தரதரவென்று வந்து எங்கள் மேலேயே விழுந்தது.

எழுந்தபோது வாட்ச்மேனின் வேட்டி முழங்கால் வரை நீலம். என் நெற்றி நீலம். பி டிவிஷன் கன்னங்கள்கூட நீலம். ஜிதின் தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினான்.

"அங்கிளே, பறஞ்சது சத்யம்தான், கேட்டோ. நான் விசுவசிச்சில்ல."

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகள் எந்த நிறத்தைக் காட்டினாலும், "நல்ல ஷேடு" என்று சொல்லிவிட்டு மீட்டர்கோலைத் தேடுங்கள். அவர்கள் துணியைப் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். அவர்கள் பார்ப்பது நம் முகத்தை.

நெற்றியைத் துடைக்காமலே கடைக்குத் திரும்பினேன். முதலாளி போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வே, அந்த நீலத்துல சாயம் போவுதாம். ஒரு டீச்சரு விளிச்சு சத்தம் போடுதா."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே முதலாளி" என்றேன்.