கோல்ஃப் பந்துக்கு வலை கட்டின பாவம்

வலை விக்கிறவனுக்கு வலையைப் பத்தி எல்லாம் தெரியும்னு ஊர் நம்பும். கொஞ்ச நாள்ல அவனும் நம்பிருவான். எழுபதுகள்ல போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கயித்துக் கடை, வலைக் கடை வச்சிருந்தேன். கடை வச்சுக் கையைச் சுட்டுக்கிட்டவுகளுக்கு நான் சொல்றது புரியும்.

எலுமிச்சம்பழ அளவு

என்கிட்ட வழக்கமாக் கயிறு வாங்குற, போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்து மேனேஜர் தொரை ஒருநாள் ஜீப்புல வந்து இறங்கினார். பங்களாவுக்குப் பின்னாடி, கிட்டக்க நின்னு கோல்ஃப் பந்தை மெதுவாத் தூக்கி அடிச்சுப் பழகணுமாம். சும்மா அடிச்சா பந்தெல்லாம் சரிவுல உருண்டு ஏலச்செடிக்குள்ள போயிருதாம். பந்து எம்புட்டுப் பெருசுன்னு கேட்டேன். எலுமிச்சம்பழம் அளவுன்னார். சந்தையில ஒரு பழம் வாங்கி, அது நுழையாத ஓட்டைக் கண்ணாப் பாத்து ஒரு மீன்வலையைக் குடுத்தனுப்பினேன். நான் வாங்கினது தேவாரம் ஊருக் கொழுத்த பழம். மறுவாரம் தொரை வலையோட திரும்பி வந்தார். கோவப்படலை.

"வலைக்காரரே, பந்து உங்க வலையில கும்பிடு போட்டுட்டு அந்தப் பக்கம் போயிருது."

விறைப்பா ஒரு கட்டு

சின்னக் கண்ணு நைலான் வலையை மதுரையிலிருந்து வரவழைச்சு, நானே கட்டித் தர்றேன்னு மலையேறினேன். அங்க தோட்ட வேலை பாத்தவன் சின்னையா, ராசிங்காபுரத்துக்காரன். நான் சொல்லித்தான் தொரை அவனைச் சேத்தார். ஆறு மாசம் பாத்துட்டு நிரந்தரமாக்குறேன்னு சொல்லியிருந்தார். அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. அந்த வேலையை நம்பித்தான் அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி வச்சிருந்தான்.

எங்க ரெண்டு பேர்கிட்டயும் வலையைத் தொளதொளன்னு தொங்கவிடச் சொல்லிட்டு தொரை ஆபீசுக்குப் போயிட்டார். எனக்கு மனசு ஒப்பலை. வாலிபால் வலை கட்டிப் பழகின கை இது. வலை தொங்கினா கட்டினவனைப் பாத்துத்தான் நாலு பேரு சிரிப்பாங்க. ரெண்டு மூங்கிலுக்கு நடுவுல விறைப்பா இழுத்துக் கட்டினேன். வேண்டாம்ணேன்னு சின்னையா சொன்னான். எனக்கே வலை சொல்லித் தர்றியான்னு அதட்டினேன்.

"உங்க சோலி உங்களுக்குத் தெரியும்ணே, தொரை சொன்னதைச் சொன்னேன்."

மூனாவது அடி

சாயங்காலம் பனி எறங்குற நேரத்துல தொரை குச்சியோட வந்தார். வலையை அவர் கவனிக்கலை. மூனாவது அடி கொஞ்சம் பலமா விழுந்துருச்சு; பந்து வலையில பட்டுத் தெறிச்சு, ஓரமாப் பந்து பொறுக்கக் குனிஞ்சிருந்த சின்னையாவோட இடது கண்ணுல அடிச்சிருச்சு. ஈரத்துணியை வச்சுக் கட்டினோம். ஜீப்பு வர்றதுக்குள்ள தொரை வலையைத் தொட்டுப் பாத்து, யார் இப்படி இழுத்துக் கட்டினதுன்னு கேட்டார். நான் ஜீப்பு வருதான்னு பாக்குற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டேன். எஸ்டேட் வியாபாரம் மொத்தமும் போயிருமேன்னு பயம். கண்ணைப் பொத்திக்கிட்டே சின்னையாதான் பேசினான்.

"நான்தான் தொரை, தெரியாம இழுத்துட்டேன்."

ராசிங்காபுரத்துக்குப் போனது

ஆஸ்பத்திரிக்குத் தொரையே அனுப்பி வச்சார். ஆனா சொன்னதைக் கேக்காத ஆளு வேண்டாம்னு வேலையை விட்டு நிறுத்திட்டார். அந்தக் கண்ணுல பாதிப் பார்வைதான் மிஞ்சுச்சு. தங்கச்சி சம்பந்தமும் நின்னுபோச்சு. உண்மையைச் சொல்ல ரெண்டு தடவை போடிமெட்டு வரைக்கும் போனேன்; டீயைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்சுல கீழ இறங்கிட்டேன். வெக்கங்கெட்டவன், வேற என்ன சொல்ல.

மூனு மாசம் கழிச்சு வாழைப்பழத்தை வாங்கிக்கிட்டு ராசிங்காபுரம் போனேன். கடலைக்காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தான். வாங்கண்ணேன்னு கூப்பிட்டு நிழல்ல உக்காத்தி வச்சு மோர் குடுத்தான். எனக்காகவாடா பழியை ஏத்துக்கிட்டேன்னு கேட்டேன். மம்பட்டியில ஒட்டின மண்ணைச் சுரண்டிக்கிட்டே சொன்னான்.

"வேலைக்குச் சேத்துவிட்ட மனுஷன் தலைகுனிய வேணாம்னு சொன்னேண்ணே, நீங்க உடனே இல்லை, நான்தான்னு சொல்வீகன்னு நெனச்சேன்."

தொரை அதுக்கப்புறமும் என்கிட்டதான் வலை வாங்கினார். நம்பிக்கையான ஆளுன்னு நாலு எஸ்டேட்டுக்குச் சொல்லியும் விட்டார்.