எல்லாக் கட்டையிலும் சமமான தப்பு

பள்ளிக்கூடத்துப் பியானோவை நான் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வைக்கிறேன் என்று ஊரில் ஒரு ஆர்மோனியக்காரர் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார். முழுப் பொய்யாக இருந்திருந்தால் மறுத்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அதில் பாதி உண்மை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

திருவண்ணாமலையில் பியானோ வேலை என்று தனியாக ஒரு தொழில் இருக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பியானோக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து போளூர் ரோட்டில் கடை போட்டேன். வயிறு நிறைந்தது ஆர்மோனியத்தால்தான். பஜனைக் கோஷ்டிகள், தெருக்கூத்து ஜமாக்கள், கார்த்திகைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரிடமும் ஒரு ஆர்மோனியப் பெட்டி இருக்கும், அதில் ஏதாவது ஒரு சுரம் ஊமையாகியிருக்கும். பியானோ என்று பார்த்தால் மிஷன் பெண்கள் பள்ளியில் ஒன்று, வேலூரில் சில வீடுகளில் சில. ஆனாலும் கடைப் பலகையில் ‘பியானோ’ என்ற சொல்லைத்தான் முதலில் எழுதியிருந்தேன். மிஷன் பள்ளியே நம்பிக் கொடுக்கிற ஆள் என்றுதான் கூத்துக்காரர்களும் என்னிடம் பெட்டியைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பியானோவை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் மலை சூடேறி, அந்தச் சூடு ராத்திரியிலும் ஊரை விடாது. பியானோவின் உள்பலகை காய்ந்து, தந்தி சுற்றியிருக்கும் முளைகள் பிடி தளரும். ஐப்பசி மழையில் அதே பலகை ஊதி, சுருதி மேலே ஏறிவிடும். ஒரு வருடம் எலி உள்ளே குட்டி போட்டிருந்தது. சுத்தியல்களில் ஒட்டியிருந்த கம்பளியைக் கடித்து, பாட்டுப் புத்தகத் தாள்களையும் கிழித்துச் சேர்த்து, மெத்தையே கட்டியிருந்தது. அதையெல்லாம் எடுத்துப்போட்டு, ஒவ்வொரு சுத்தியலுக்கும் கம்பளி வெட்டி ஒட்டினேன். முளை திருகும் சாவி, ஆப்பு, கம்பளிப் பட்டை, சுருதிக் கவை ஆகியவற்றை அதே வரிசையில் துணியில் சுருட்டிக்கொண்டு போவேன், அதே வரிசையில் திரும்பக் கொண்டுவருவேன்.

இனி அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பியானோவின் ஒவ்வொரு வெள்ளை, கறுப்புப் பட்டைக்கும் எங்களிடம் கட்டை என்றுதான் பெயர். எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பாடுகிறோமோ அதுவே பாட்டின் கட்டை; ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று எண்ணால்தான் அதற்குப் பெயர். நம் பாட்டு எடுத்த கட்டையிலேயே முடியும். பியானோக்காரர்கள் அப்படி அல்ல. இந்தப் பாட்டு ஒரு கட்டையில், அடுத்தது மூன்று கட்டையில், சில நேரம் ஒரே பாட்டுக்குள்ளேயே மாறிவிடுவார்கள். ஒரு கட்டைக்கென்று எல்லாவற்றையும் சுத்தமாகச் சேர்த்துவிட்டால், மூன்று கட்டையில் வாசிக்கும்போது காது கிழியும். ஆகவே இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும் எந்தச் சேர்க்கையையும் முழுச் சுத்தமாக்காமல் ஒரு மயிரிழை விட்டுவைக்க வேண்டும். விட்ட இடத்தில் ஒலி லேசாக அலையும். அந்த அலையைக் காதால் எடைபோட்டு எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் தொழில். கம்பெனியில் இதற்கு ‘விட்டுக் கட்டுறது’ என்று பெயர்.

என்னைப் பற்றிப் போய்ச் சொன்னவருக்கு இது தெரியாது. அவர் ஊரறிந்த ஆர்மோனியக்காரர். எல்லோருக்கும் பெட்டிக்காரர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூத்து ஜமாக்களுக்குச் சுருதி சேர்ப்பதில் அவர் காதுக்கு ஈடு கிடையாது, இதை இன்றும் சொல்வேன். ஏதோ விழாவுக்கு அந்தப் பள்ளிக்குப் போனவர் பியானோவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விட்டுக் கட்டிய இடமெல்லாம் அவர் காதில் பிழையாக விழுந்திருக்கிறது.

தலைமையாசிரியை சொல்லியனுப்பினார். போய் நின்றேன்.

“உக்காருங்க. அந்தப் பெட்டிக்காரர் ஒண்ணு சொல்றாரு. நீங்க வேணும்னே எல்லாத்தையும் கொஞ்சம் கம்மி ஜாஸ்தியா வெச்சிட்டுப் போறீங்களாமே? அப்பதான் நாங்க திரும்பக் கூப்பிடுவோம்னு?”

அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. எதையும் வரிசையாகச் செய்து பழகியவன், முதல் கேள்விக்கு முதலில் பதில் சொன்னேன்.

“ஆமாம்மா. வேணும்னேதான் வெக்கிறேன்.”

இரண்டாவதற்கு வாய் திறப்பதற்குள் மேசை இழுப்பறையைச் சாத்திவிட்டார். “பரவால்ல, ஒத்துக்கிட்டீங்க. அது போதும். போயிட்டு வாங்க.”

சேதி பள்ளியோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடைக்காரர் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, “சக்கரை வேணும்னே கம்மியா போட்டிருக்கேன் மாஸ்டர். அப்பதானே இன்னொரு டீ கேப்பீங்க?” என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். கூத்து ஜமாக்காரர்கள் ஆர்மோனியங்களைப் பெட்டிக்காரரிடம் கொண்டுபோனார்கள். கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டி வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காலியான அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். “மாப்ள, மண்டில மூட்டை பாத்துக்க ஆளில்ல. கடையைச் சாத்திட்டு வந்துடுங்க. கடலைக்குச் சுதி கெடையாது, யாரும் வந்து கொறை சொல்ல மாட்டாங்க.” நல்ல மனதோடுதான் சொன்னார். கற்ற தொழிலை விட்டு மூட்டைக்குக் காவல் உட்காரும் நாள் கிட்டத்தில் வந்துவிட்டது என்று புரிந்தது.

அந்த வாரமே பெட்டிக்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார்.

“இன்னா தம்பி, கோவமா? காதுல கேட்டதைத்தான் சொன்னேன். ஸட்ஜமும் காந்தாரமும் ஒட்டவே இல்லப்பா. பல்லு கூசிப்போச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே.”

“கேட்டா இன்னா சொல்லுவ? வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்லிக்குடுத்தான்னுவ.” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒட்டவில்லை என்பதைக் காதால் கேட்டார், சரி. திரும்பக் கூப்பிட வைப்பதற்காக நான் செய்கிறேன் என்பதை எந்தக் காதால் கேட்டார்? அதை அவராகச் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் செய்யாமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். முன்னைவிடப் பணிவாக வணக்கம் சொல்லத் தொடங்கினேன்.

பள்ளியில் புது மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்காகப் பியானோவைக் கூலியே வாங்காமல் அவர் சேர்த்துக் கொடுத்தார் என்றும், மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சன்னல் பக்கமாகப் போய்க் கேட்டேன். பாட்டு டீச்சர் வழக்கம்போல ஒரு கட்டையில் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு கட்டையில் கை ஓடாது. ஒலி தேனாக வழிந்தது. ஒரு இடத்தில்கூட அலை இல்லை. பெட்டிக்காரர் என்ன செய்திருக்கிறார் என்று அங்கேயே புரிந்தது. ஆர்மோனியத்தைச் சேர்ப்பதுபோல எல்லாவற்றையும் ஒரு கட்டைக்கே கொடுத்துவிட்டார். மற்றக் கட்டைகளில் இனி வாசிக்கவே முடியாது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

விழாவில் வாசிக்க வேலூரிலிருந்து ஒரு அம்மாளை அழைத்திருந்தார்கள். பியானோ சொல்லிக்கொடுப்பவர். அவர் வீட்டுப் பியானோ என் கையில்தான் இருந்தது. அந்த மாத வேலைக்குப் போனபோது அவரே கேட்டார்.

“உங்க ஊர் பியானோ எப்படி இருக்கு?”

“இப்பதான் சேத்திருக்காங்கம்மா. சேத்தவருக்குக் காது ரொம்பச் சுத்தம்.”

“ரெண்டு பாட்டு வெச்சிருக்கேன். சி-ல ஒண்ணு, ஈ-ல ஒண்ணு. எதை வாசிக்கட்டும்?”

சி என்றால் ஒரு கட்டை, ஈ என்றால் மூன்று கட்டை. அவசரப்படவில்லை. கையிலிருந்த சாவியைத் துடைத்து, துணியில் அதன் இடத்தில் வைத்தேன்.

“ஈ நல்லா எடுப்பா இருக்கும்மா” என்றேன்.

விழாவன்று மண்டபத்தின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டிக்காரர் முன்வரிசையில் சலவை வேட்டியோடு இருந்தார். தட்டில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது. பாட்டு டீச்சர் ஒரு கட்டையில் கடவுள் வாழ்த்து வாசிக்க, பிள்ளைகள் பாடினார்கள். சொக்கும்படி இருந்தது. பெட்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். வேலூர் அம்மாளின் கார் தாமதமாகத்தான் வந்தது. நேரே மேடைக்கு வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் வைத்தார்.

நாய் ஊளையிட்டதுபோல ஒரு சத்தம். அவர் கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். தப்பான கட்டையில் வைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். மறுபடி வைத்தார், மறுபடி ஊளை. இன்னும் நாலைந்து இடம் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அம்மாள் எழுந்துவிட்டார்.

பெட்டிக்காரர் துள்ளி எழுந்தார். “யாரோ உள்ள பூந்து கலைச்சிட்டாங்கம்மா! நான் சுத்தமா சேத்து வெச்சதும்மா!” சொல்லிவிட்டுத் திரும்பி என்னைத்தான் பார்த்தார். தலைமையாசிரியையும் என் பக்கம் பார்த்தார். இதற்குத்தான் காத்திருந்தேன்.

“டீச்சர் கொஞ்சம் கடவுள் வாழ்த்தைத் திரும்ப வாசிக்கட்டும்மா” என்றேன்.

வாசித்தார். தேன். கலைந்த பியானோவில் அது எப்படி வரும்?

“யாரும் கலைக்கலம்மா. அண்ணன் சேத்தது அப்படியே இருக்கு. ஒரு கட்டைக்கு மட்டும் சேத்திருக்காரு. மத்ததுக்குச் சேக்கலை. எல்லாத்துக்கும் சேரணும்னா ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் விடணும். அதைத்தான் நான் வேணும்னே வெக்கிறேன்னு உங்ககிட்ட சொன்னேன்.”

தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, மத்ததை ஏன் விட்டீங்க?”

“பாட்டுன்னா ஒரு சுதிதானேம்மா?” என்றார் பெட்டிக்காரர். ஏமாற்றுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். “எடுத்த சுதியை யாராவது மாத்துவாங்களா?”

பொன்னாடை தட்டிலேயே கிடந்தது. வேலூர் அம்மாள் காரில் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்களுக்குத் தெரியும், இல்ல?” என்றார். “தெரியும்மா” என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அந்த நஷ்டத்தையும் பெட்டிக்காரர் பேரிலேயே சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பியானோவைப் பழையபடி கட்டித் தரவேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன். அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும், பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். நல்ல யோசனை என்றார்.

அவருக்கு நானே நாற்காலி இழுத்துப் போட்டேன், காது சரியாகத் தந்திக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி. தலைமையாசிரியை சற்றுத் தள்ளி மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கம்பளிப் பட்டையைத் தந்திகளுக்கு இடையில் செருகி வேலையைத் தொடங்கினேன். முதலில் ஒவ்வொரு சேர்க்கையையும் சுத்தமாக்குவேன். அலை நின்று ஒலி ஒட்டிக்கொள்ளும்போது பெட்டிக்காரரின் தோள் தளரும், கண் பாதி மூடும். அவர் அதில் நன்றாக அமர்ந்த பிறகு சாவியை ஒரு நூல் அசைப்பேன். அலை எழும். அவர் முகம் சுருங்கும். சுத்தத்தில் தொடங்கிப் பிறகு விடுவதுதான் முறை. ஆனால் அவ்வளவு நேரம் சுத்தத்தில் நிறுத்தி வைப்பது முறையில் இல்லை. அதை அவருக்காகச் செய்தேன்.

“இப்பவும் தப்பாத்தான் இருக்கு தம்பி,” என்றார் நடுவில். “எல்லாத்துலயும் சமமா தப்பு வெச்சிருக்க.”

“ஆமாண்ணே. அதான் தொழில்.”

ஒரு கட்டையின் காந்தாரத்துக்கு வந்தேன். அவருக்கு உயிர் அங்கேதான் என்று தெரியும். சுத்தமாகச் சேர்த்து, மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த ஒண்ணை விட்டுடுப்பா. மத்ததையெல்லாம் என்ன வேணா பண்ணிக்கோ. இதுல கை வெக்காத.”

“அண்ணே, என்னைத் திரும்பக் கூப்பிடணும்னுதான் கலைக்கிறேன்னு சொன்னீங்களே, அதைக் காதுல கேட்டீங்களா?”

நான் கட்டையைத் தட்டினேன். ஒலி அசையாமல் நின்றது.

“அம்மாகிட்ட சொல்லுங்க.”

பேனாச் சத்தம் நின்றது. பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு காந்தாரக் கட்டையைப் பார்த்தார். “அது நானா சேத்துச் சொன்னதும்மா,” என்றார். “இவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல.”

“அப்படீங்களா?” என்றார் தலைமையாசிரியை. அவ்வளவுதான். பேனா மறுபடி ஓடியது. ஆனால் எனக்கு வேண்டியது அந்த அறையில் சொல்லியாகிவிட்டது.

பெட்டிக்காரர் என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். நான் சாவியை முளையில் பொருத்தித் திருகினேன். காந்தாரம் அலைந்தது. விட்டுவிடுவதாக நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார். நான் மீதித் தந்திகளை முடித்து, மூடியைத் துடைத்துச் சாத்தினேன்.

கூத்து ஜமாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடை இருக்கிறது, மண்டிக்குப் போகவில்லை. பெட்டிக்காரரும் இதே ஊரில்தான் இருக்கிறார். நான் எதிரே வருவதைப் பார்த்தால் போளூர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். நானும் கடந்து அந்தப் பக்கமே போய், வணக்கம் சொல்கிறேன்.