செல்வி எடைக்கு உப்பு

ஆத்தாளை நம்பி வந்திருக்கும் எல்லோருக்கும் கும்பிடு. நான் பள்ளிக்கூடம் போகாதவன். நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே கிழவனானவன். என் மகள் செல்வி சாகக் கிடந்து மீண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. செல்விக்கு முப்பத்தாறு வயது. நன்றாகக் கொழுந்து எடுத்தவள். அவள் சிரித்தால் அடுத்த சரிவில் கேட்கும். அது என் அம்மாவின் சிரிப்பு. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த அன்று எல்லோரும் அழுதோம். எங்கள் தகரப்பெட்டி வாய் பிளந்து துணியெல்லாம் சிதறியதைப் பார்த்து அம்மா மட்டும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என் வீட்டில் நின்றுபோனது. செல்விக்கு உடம்பு பெருத்தது. பட்டினி கிடந்தாள், கஷாயம் குடித்தாள், குறையவில்லை. சர்க்கரை வந்தது. படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். ஆத்தா கோவில் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஆறு வருஷத் திருவிழாவையும் லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, தப்பு மேளச் சத்தத்தை மட்டும் கேட்டாள். மேலே நிற்கும் எனக்கு அவள் வாசல் சிறிதாகத் தெரியும். இவளை ஒருமுறை இங்கே நிறுத்திப் பார்க்க மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதற்கு ஆபரேஷன் உண்டு என்றார்கள். தர்மத்துக்கு உதவுகிறவர்கள் செலவை ஏற்றார்கள். முதலில் அவள் எடை வேண்டுமாம். தோட்டத்து டிஸ்பென்சரி மெஷினில் முள் கடைசிக்குப் போய் நின்றுவிட்டது. அதனால் ஃபேக்டரி கிடங்கில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலித் தராசைத் தூசி தட்டினார்கள். செல்வி ஒரு தட்டில் உட்கார்ந்தாள். தட்டு தரையில் இடித்தது. எதிர்த்தட்டில் இரும்புக்கல் ஏறிக்கொண்டே இருந்தது.

கணக்கப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "என்னா செல்வி, இன்னிக்கு லோடு நீதானா?"

"வண்டி வந்துருச்சா, ஏத்திவிடுங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

நூற்று நாற்பத்தொரு கிலோ.

டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. "வயித்துல பெரும்பகுதியை எடுத்துருவோம் ஐயா. தையல் போட்ட எடத்துல கசியலாம். ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். உயிரே போனாலும் போகலாம். ஆனா இப்படியே விட்டா அதுவும் ஆபத்துதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"வேணாம் தாயி, ஊட்டுக்குப் போயிரலாம்" என்றேன் செல்வியிடம்.

"போயி? அந்த வாசல்லயே உக்காரவாப்பா? ஒரு தடவையாச்சும் ஆத்தா படி ஏறணும். விரலை நீட்டுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் கைநாட்டு வைத்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தையலில் கசிவாம். மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். என் கட்டை விரலில் மை இன்னும் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி மாடியிலிருந்து தூரத்தில் நம் மலை நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து நின்று வாய்விட்டு அழுதேன்.

"ஆத்தா, அவ எளைக்க வேண்டாம். நூத்தி நாப்பத்தொண்ணோட அப்படியே குடுத்துரு. அம்புட்டு எடைக்கும் உனக்கு உப்புக் கொட்டுறேன். ஒரு புடி கொறைக்க மாட்டேன்."

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். "இருக்கா ஐயா" என்றார். அந்த ஒரு சொல்லில் ஆத்தாளின் குரலைக் கேட்டேன்.

குழாய் வழியாகவே ஆகாரம். ஒன்றரை மாதம் கழித்து வீடு வந்தோம். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முடி கொட்டியது. அவசரமாக ஒரு வாய் தின்றாலும் வாந்தி. கையில் தோல் தொங்கியது. சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. ஆனால் சர்க்கரை மாத்திரை நின்றது. படுத்துத் தூங்கினாள். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு, நின்று நின்று, படி ஏறினாள்.

நான் வாக்கை மறக்கவில்லை. வேலையில்லாத காலத்திலும் ஒவ்வொரு வீடும் ஒரு பாக்கெட் உப்பு கொண்டுவந்தது. அதே தராசைக் கோவில் மரத்தில் தொங்கவிட்டோம். பூசாரி சொன்னார்: "பெரியவரே, இப்ப அவ எம்பத்திமூணுதான். துலாபாரம்னா சமமா நின்னாப் போதும்."

"நான் கேட்டது அந்த எடைக்குச் சாமி. கொட்டுங்க."

கொட்டினார்கள். செல்வியின் தட்டு எழும்பியது. சமமாகியது. நான் விடவில்லை. நூற்று நாற்பத்தொன்றும் விழுந்தபோது உப்புத் தட்டு தரையில் இடித்தது. என் மகள் சங்கிலியைப் பிடித்தபடி எங்கள் தலைக்கு மேலே தொங்கினாள்.

"யப்பா! எறக்கி விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீழே லயம் வரைக்கும் கேட்டதாம்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்திருந்தால், வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஆபத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஆத்தாளைக் கூப்பிடுங்கள். நான் கேட்டது பழைய எடையோடு மகளை. ஆத்தா கொடுத்தது நான் கேட்கத் துணியாத அந்தச் சிரிப்பை.